பதினெட்டுக் கைகள்

கோட்டைச்சாமி ஊருக்குள் வந்தால் கரண்டுக்கு முன்னால் வசவு வரும் என்பார்கள். அதில் மிகை ஒன்றும் இல்லை. சைக்கிளை விட்டு இறங்குவதற்குள்ளேயே தொடங்கிவிடுவார். கம்பத்தில் மாட்டைக் கட்டியது எவன், இழுவைக் கம்பியில் சேலை காயப்போட்டது எவள், மேலே இருக்கிற பீங்கானில் கல்லெறிந்து குறி பழகுகிற புண்ணியவான் யார் என்று தெருமுனையில் ஆரம்பித்தால் டிரான்ஸ்பார்மர் வந்து சேரும்வரை வாய் ஓயாது. யாரும் பதில் பேசுவதில்லை. பேசினால் இன்னொரு சுற்று வரும் என்று தெரியும். அவர் இருக்கும்வரை மாட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுவார்கள். அவர் போனதும் பழையபடி கம்பத்துக்கே கொண்டுவந்து கட்டுவார்கள்.

இப்படி இருபத்திரண்டு ஊர் அவருக்கு. சிங்கம்புணரிப் பக்கத்து மானாவாரிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கருத்தையாவுக்கு இருந்தது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டு ஏக்கர். அறுபத்தொன்றில் மின்கம்பம் நட குழி தோண்டும் கூலிக்கு ஆள் எடுத்தபோது மண்வெட்டியோடு போய் நின்றவர், ஐந்து வருஷத்தில் லைன்மேன் ஆகிவிட்டார். கல்யாணமும் அந்த வருஷம்தான். லைன்மேனுக்குப் பெண் கொடுக்க முத்தழகின் வீட்டில் யோசித்தார்களாம். கம்பத்தில் ஏறுகிறவனை நம்பி எப்படிக் கொடுப்பது என்று கேட்டதற்கு, நான் உங்களை நம்பி ஏறவில்லையா என்று மாப்பிள்ளை கேட்டாராம். பெண் பார்க்க வந்த இடத்திலேயே கோபம்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கரண்ட் கண்ணுக்குத் தெரியாது. மோந்து பார்க்கவும் முடியாது. கம்பத்தின் உச்சியில் இருக்கிறவனுக்குக் கீழே, அரை மைலுக்கு அப்பால், டிரான்ஸ்பார்மர் அடியில் யார் என்ன செய்கிறார்கள் என்பது தெரியவே தெரியாது. அங்கே ஒரு பெட்டி உண்டு. அதில் கைப்பிடி வைத்த மூன்று பீங்கான் கட்டைகள் செருகியிருக்கும். பீஸ் கட்டை என்பார்கள். மூன்றையும் பிடுங்கினால் ஊருக்குக் கரண்ட் கிடையாது. கோட்டைச்சாமி பிடுங்கிய கட்டைகளைத் தோள்பையில் போட்டுக்கொண்டுதான் கம்பத்தில் கால் வைப்பார். போதாதற்கு பையில் ஒரு இரும்புச் சங்கிலி. கம்பிகளைச் சேர்த்து அதைக் குறுக்கே போட்டு மண்ணோடு இணைத்துவிட்டால், கீழே எவனாவது கரண்டை விட்டாலும் மேலே இருக்கிறவன் பிழைப்பான். கட்டையைப் பிடுங்குவது திருடனுக்கு, சங்கிலி போடுவது மடையனுக்கு என்று அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் சொல்லியிருந்தார். சங்கிலியைப் போட்டு எடுக்க அரை மணி நேரம் ஆகும். என்றாலும் இருபத்தொரு ஊரில் போடுவார். ஒரே ஒரு ஊரில் மட்டும் போடமாட்டார்.

அந்த ஊர் ஆவாரங்கண்மாய். ஒரு டிரான்ஸ்பார்மர், அதில் ஒன்பது கிணற்று மோட்டார். எழுபத்திரண்டு கடைசியில் கரண்ட் வெட்டு வந்து, மோட்டாருக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் என்று ஆனது. அந்த நாலு மணி நேரம் தொடங்கியதும் ஒன்பது பேரும் ஒரே மூச்சில் சுவிட்சைப் போட்டார்கள். ஒரு கட்டை வண்டியில் ஒன்பது வண்டிப் பாரத்தை ஏற்றினால் என்ன ஆகும்? மோட்டார்கள் முனகின. ஒரே வாரத்தில் மூன்று மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற காயில் கருகியது. காயிலைப் பறிகொடுத்த மூன்று பேரும் லைன்மேன்தான் காரணம் என்றார்கள்.

கோட்டைச்சாமி ஒன்பது பேரையும் டிரான்ஸ்பார்மர் பக்கத்துப் புளியமரத்தடிக்கு வரச்சொன்னார். ஊர் அம்பலம் வீரணனும் அந்த ஒன்பதில் ஒருவர். மீசை நரைத்த மனிதர், அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு இல்லை. அவரையும் சேர்த்தே வைதார்.

“கண்மாய்த் தண்ணிய முறை வச்சுப் பாய்ச்சத் தெரியுதுல்ல? தாத்தன் பூட்டன் காலத்துல இருந்து மடைக்கு முறை வச்சு, ஒரு நாழி கூடவோ குறையவோ பாய்ச்சாத ஊருதானே இது? கரண்டுக்கு மட்டும் ஒங்களுக்கு என்ன கேடு வந்துச்சு?”

யாருக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் உண்மை. தண்ணீர் ஊர்ப் பொது, கரண்ட் கவர்மெண்ட் சரக்கு, முந்தினவனுக்கு என்று நினைத்திருந்தார்கள். அன்றைக்கே முறை வகுத்தார்கள். மூன்று மூன்று மோட்டாராக, எண்பது எண்பது நிமிஷம். இன்னொன்றும் பேசி முடித்தார்கள். லைன்மேன் கம்பத்தில் இருக்கும்போது டிரான்ஸ்பார்மரில் ஒரு சிவப்புத் துணி தொங்கும். துணி தொங்கும்வரை யாரும் பெட்டியின் பக்கம் போகக்கூடாது. துணி முத்தழகின் பழைய சுங்குடிச் சேலையில் கிழித்தது.

முறை நிலைத்து நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு காயில்கூடக் கருகவில்லை. ஒருவன் முறை முடிந்து மோட்டாரை நிறுத்தினால் அடுத்தவன் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை, சத்தம் நின்றதைக் கேட்டே எழுந்து போவான். கோட்டைச்சாமி மற்ற ஊர்களில் இதைச் சொல்லிச் சொல்லி வைவார். ஆவாரங்கண்மாயைப் போய்ப் பாருங்கடா, மனுசன் அங்கே இருக்கான் என்பார். அந்த ஊருக்கு மட்டும் சங்கிலி எதற்கு என்று அவருக்குத் தோன்றியது. ஒன்பது பேர் வாக்கு இருக்கிறது. அதைவிட இரும்பு பெரிதா?

எழுபத்து நாலு பங்குனியில் ஒரு நாள். ஊரின் மேற்கே கடைசிக் கம்பத்தில் இணைப்புக் கம்பி அறுந்து இரண்டு கிணற்றுக்குக் கரண்ட் இல்லை. கோட்டைச்சாமி வந்தார், வழக்கம்போல வைதார், மூன்று கட்டைகளையும் பிடுங்கிப் பையில் போட்டார், சிவப்புத் துணியைக் கட்டினார். கடைசிக் கம்பம் அரை மைல் இருந்ததால் வரப்பு ஓரமாகச் சைக்கிளிலேயே போய்விட்டார். மற்ற நாளெல்லாம் சைக்கிள் டிரான்ஸ்பார்மர் அடியில்தான் நிற்கும்.

பிறகு நடந்ததை அவர் வெகுநாள் கழித்துத்தான் முழுதாகத் தெரிந்துகொண்டார். அன்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் இடது கை கம்பியைப் பிடித்திருந்தது, கம்பி அந்தக் கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். இடுப்பு வார் மட்டும் இல்லாவிட்டால் விழுந்து கழுத்து முறிந்திருக்கும். வார் இருந்ததால் தொங்கினார். அரை நிமிஷம் இருக்கும் என்றார்கள். அந்த அரை நிமிஷத்துக்குப் பிறகு கரண்ட் தானாக வந்தது போலவே தானாகப் போய்விட்டது.

முதலில் ஓடிவந்தவன் குருநாதன். ஒன்பது பேரில் வயதில் சின்னவன், டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த கிணற்றுக்காரன். அவன்தான் கம்பத்தில் ஏறி வாரை அவிழ்த்துத் தோளில் போட்டு இறக்கினான். மாட்டு வண்டியில் ரோட்டுக்கு, ரோட்டிலிருந்து ஒரு லாரியில் காரைக்குடிக்கு, அங்கிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு, வழி முழுக்க அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணே அண்ணே என்று அழுதுகொண்டே வந்தான். முத்தழகு வந்து சேரும்வரை ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகரவில்லை. கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆபீசிலிருந்து ஒரு என்ஜினியர் போய் விசாரித்தார். கட்டைகள் மூன்றும் கோட்டைச்சாமியின் பையில் இருந்தன. அப்படியானால் எவனோ கட்டை இருக்கவேண்டிய இடத்தில் கம்பியை வைத்து இணைத்திருக்கிறான். அது குழந்தைக்கும் விளங்கும். ஊர் சொன்னது வேறு. காற்றில் எங்கேயாவது கம்பி உரசியிருக்கும் என்றார் ஒருவர். இடி இறங்கியிருக்கும் என்றார் இன்னொருவர். பங்குனி வெயிலில், மேகமே இல்லாத வானத்தில் இடி. ஒன்பது வாயும் ஒரே பாட்டைப் பாடியதால் என்ஜினியர் அதையே எழுதிக்கொண்டு போனார்.

மூன்று மாதம் கழித்து கோட்டைச்சாமி ஊருக்கு வந்தார். சட்டையின் இடது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார். பணம் வேண்டாம், கேஸ் வேண்டாம், அவனை ஜெயிலில் போட வேண்டாம் என்றார். எவன் என்று தெரியவேண்டும். என் முகத்தைப் பார்த்து நான்தான் என்று ஒருவன் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஒன்பது பேரும் கருப்பர் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டும்.

அந்தப் பக்கத்தில் கருப்பர் முன்னால் சூடம் கொளுத்தி, எரிகிறதை உள்ளங்கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சொன்னால் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. பொய்யாக அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. குறித்த நாளில் ஒன்பது பேரும் கோயில் வாசலுக்கு வந்தார்கள். சூடத்தட்டும் வந்தது. வீரணன் அம்பலம் முன்னால் வந்து, ஊர் கூடிப் பேசியாச்சு, சத்தியம் வேண்டாம் என்று முடிவு என்றார்.

“ஒருத்தன் பொய்யா அணைச்சு, அவன் வம்சம் அத்துப்போறத நாங்க பாத்துக்கிட்டு இருக்க முடியாது லைன்மேன். நீங்க பெரிய மனசு பண்ணுங்க.”

கோட்டைச்சாமி சூடத்தட்டைத் தாண்டி அவர் முன்னால் வந்து நின்றார்.

“அப்ப பண்ணுனவன் இங்கனதேன் நிக்கிறான். அவன் யாருன்னும் ஒங்களுக்குத் தெரியும். அப்படித்தானே சொல்றீக?”

வீரணன் தரையைப் பார்த்தார். மற்ற எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்தக் குனிந்த ஒன்பது தலையைக் கோட்டைச்சாமி சாகும்வரை மறக்கவில்லை. கரண்டை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தக் கட்டுப்பாடு அப்படியே இருந்தது, ஒரு இழை பிசகவில்லை. இப்போது அதே கட்டுப்பாட்டால் அவருக்கு எதிராக வாயைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் செய்ததை ஒன்பது பேரும் முறை வைத்துச் சுமந்தார்கள். ஒற்றுமையாம் ஒற்றுமை. சூடத்தட்டை வலது கையால் தட்டிவிட்டுவிட்டு பஸ் ரோட்டுக்கு நடந்தார். எந்தக் கோயிலில் என்ன செய்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

கம்பத்தில் ஏற ஒரு கை போதாது. ஆபீசில் டெலிபோன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எந்த ஊரில் கம்பி அறுந்தது, எங்கே கரண்ட் இல்லை என்று வருகிற தகவலைக் குறித்து ஆள் அனுப்புவது, லைன்மேன் கேட்டால் சப்-ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி அந்தப் பக்கத்து லைனை நிறுத்தச் சொல்வது, வேலை முடிந்தது என்று லைன்மேன் சொன்ன பிறகு விடச் சொல்வது. இது அவர் வேலை. அதாவது இப்போது இருபத்திரண்டு ஊரில் கம்பம் ஏறுகிறவர்களின் உயிர் அவர் வாயில் இருந்தது. இளம் லைன்மேன் சின்னக்கருப்பு தினம் ஒரு தரமாவது அவரிடம் வசவு வாங்குவான். சங்கிலி போட்டாயா என்று கேட்பார், போட்டேன் என்றால், போட்டேன் என்று எத்தனை பேரடா சொல்லியிருக்கிறார்கள் என்று அதற்கும் வைவார்.

வீட்டில் இன்னும் மோசம். ஒரு கையால் வேட்டி கட்ட வராது. முத்தழகு கட்டிவிட வந்தால் தள்ளிவிடுவார். பிறகு கட்டிக்கொள்ள முடியாமல் அவளையே கூப்பிடுவார். யாரிடம் கோபம் என்று தெரியாதவனுக்கு எல்லாரிடமும் கோபம். ஒன்பது முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பார். இவனா, இவனா. குருநாதனை மட்டும் அந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டார். மடியில் தலையை வைத்து அழுதவன். அறுப்புக்கு அறுப்பு வண்டியில் ஒரு மூட்டை நெல் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறவன். அந்த ஊரில் ஒருவனாவது மனுசனாக இருக்கிறானே என்று முத்தழகு சொல்வாள். கோட்டைச்சாமிக்கும் அது ஒன்றுதான் ஆறுதல்.

எழுபத்தேழு ஐப்பசி கடைசியில் புயல் அடித்தது. கம்பங்கள் சாய்ந்தன, கண்மாய்கள் நிரம்பின, மூன்று நாள் ஆபீசில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. லைனை நிறுத்து, லைனை நிறுத்து என்று எங்கிருந்தெல்லாமோ போன் வந்தது. பாதி பொய். தன் வீட்டு வாசலில் தொங்குகிற மரக்கிளையை வெட்டிக்கொள்ள இருபத்திரண்டு ஊருக்கும் கரண்டை நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு. ஒருதரம் அப்படி நிறுத்தி, ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடுவில் விளக்கு அணைந்து பெரிய ரகளை. இனி லைன்மேன் சொல்லாமல், ஊர்க்காரன் பேச்சை நம்பி லைனை நிறுத்தக்கூடாது என்று என்ஜினியர் கண்டிப்பாக உத்தரவு போட்டார். உத்தரவைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் கோட்டைச்சாமி. ஊர்க்காரன் பேச்சு என்ன பேச்சு என்பது அவருக்குத் தெரியாததா?

நாலாம் நாள் காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. ரோட்டோரத்து ரைஸ்மில்லில் இருந்து பேசினார்கள். மூச்சு வாங்கியது.

“ஆவாரங்கண்மாயில இருந்து பேசுறேன். லைன நிறுத்துங்க. வயக்காட்டுத் தண்ணிக்குள்ள கம்பி விழுந்து கெடக்கு. என் மாடு செத்துப்போச்சு. களை எடுக்க வந்த பொம்பளையாளுக ஏழு பேரு நடு வரப்புல நிக்கிறாக. என் மக உமையாளும் நிக்கிறா. சுத்தித் தண்ணி.”

கட்டையைப் பிடுங்கு என்று சொல்ல வாயெடுத்தார். டிரான்ஸ்பார்மர் இருக்கிற இடமே பள்ளம். அதைச் சுற்றியும் தண்ணீர் நிற்கும், கிட்டே போகமுடியாது. அது அவருக்கே தெரியும். குரல் யாருடையது என்றும் தெரிந்துவிட்டது. குருநாதன்.

ஊர்ப் பேரைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஏறியதைச் சொல்லத்தான் வேண்டும். நில்லுங்கடா, வரப்பிலேயே நில்லுங்கள் என்று ஏறியது. இடி இறங்கியிருக்கும், காற்றில் உரசியிருக்கும் என்று சொன்ன ஊர் இது. இந்த ஊர்ச் சொல்லை நம்பித்தான் ஒரு கையைக் கொடுத்தார். இன்றைக்கு அதே சொல்லை நம்பி, உத்தரவை மீறி, வேலையைப் பணயம் வைக்க வேண்டுமா? மெய்தான் என்று யார் கண்டது? உத்தரவு மேஜையில் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. நிறுத்தாவிட்டால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கமுடியாது.

இதெல்லாம் ஒரு மூச்சு நேரம். அடுத்த மூச்சில் இன்னொரு போனைத் தூக்கி, சப்-ஸ்டேஷனில் இருந்தவனைத் தாயைச் சொல்லித் திட்டி, இப்பவே நிறுத்துடா, உத்தரவு என் தலையில் என்று கத்தினார். நின்றது என்று பதில் வந்ததும் குருநாதனிடம் சொன்னார். மறுமுனையில் சத்தமே இல்லை. போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டான். நன்றி கெட்ட பயல்கள் என்று அதற்கும் ஒரு வசவு.

ஒரு மணி நேரத்தில் சின்னக்கருப்போடு ஜீப்பில் ஆவாரங்கண்மாய்க்குப் போனார். மூன்று வருஷத்துக்கு மேல் கழித்துப் போகிறார். பெண்கள் ஏழு பேரும் கரையேறிப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். உமையாளுக்குப் பதினைந்து வயதிருக்கும். செத்த மாடு தண்ணீரில் மிதந்தது. ஒன்பது மோட்டார்க்காரர்களும் அங்கேதான் நின்றார்கள். சின்னக்கருப்பு தண்ணீரில் இறங்கிப் போய் மூன்று கட்டைகளையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

குருநாதன் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தான். கோட்டைச்சாமியின் காலில் விழப்போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் விழவில்லை, நேராக நின்றான்.

“அன்னைக்குக் கம்பி வச்சது நான்தேன்ணே.”

சைக்கிள் இல்லாததைப் பார்த்து, லைன்மேன் வேலை முடித்துச் சாப்பிடப் போய்விட்டார், துணியை அவிழ்க்க மறந்துவிட்டார் என்று நினைத்தானாம். அவன் கிணற்றுக்குக் கரண்ட் கெடவில்லை, மேற்கே இருந்த இரண்டு கிணற்றுக்காக அவன் மோட்டாரும் நின்றிருந்தது. நெல் பால் கட்டுகிற பருவம். முறையில் இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி. மோட்டார் சுவிட்சைப் போட்டுவைத்துவிட்டு, மூங்கில் கம்பில் கம்பித் துண்டுகளைக் கட்டிப் பெட்டியில் மாட்டினான். வாய்க்காலில் தண்ணீர் வரும்போதுதான் கடைசிக் கம்பத்திலிருந்து சத்தம் கேட்டது. பிடுங்கிக் கிணற்றில் எறிந்துவிட்டு ஓடினான். இன்று போனில் குரலைக் கேட்டதும், நிறுத்தமாட்டார், நான் செய்தது என் மகள் தலையில் விடிந்துவிட்டது என்று நினைத்தானாம். நிறுத்திவிட்டேன் என்று நீங்கள் சொன்ன பிறகு இதை உள்ளே வைத்துக்கொண்டு என்னால் வீட்டுக்குப் போகமுடியாது என்றான்.

கோட்டைச்சாமி அறைந்தார். இருக்கிற ஒரு கையால், தோளிலிருந்து வீசி அறைந்தார். குருநாதன் சேற்றில் போய் விழுந்தான்.

“ஒன் நெல்லுச் சோத்த மூணரை வருஷமாத் தின்னிருக்கேன்டா. ஒன்னைய மனுசன்னு சொல்லிச் சொல்லித் தின்னிருக்கேன்.”

வீரணன் அம்பலம் இடையில் வந்து, விடுங்க லைன்மேன், அவன்தான் ஒத்துக்கிட்டானே என்றார். அவ்வளவுதான். குருநாதனிடம் இருந்த கோபம் அப்படியே அவர் பக்கம் திரும்பியது.

“அவன் ஒத்துக்கிட்டான். நீங்க எப்ப ஒத்துக்கிடப் போறீக? நான் தொங்குன நேரம் ஒன்பது வாய்க்கால்ல தண்ணி ஓடுனது ஒண்ணுலதேன். மோட்டார்ச் சத்தத்த வச்சே எவன் முறைன்னு சொல்ற ஆளுக நீங்க. அந்த அரை நிமிஷம் ஓடுன மோட்டாரு எவனுதுன்னு தெரியாமப் போச்சாக்கும்? இவன் அவசரப்பட்டான், ஒரு கை போச்சு. நீங்க எட்டுப் பேரும் நெதானமா உக்காந்து பேசி முடிவு பண்ணீகளே, அதுக்கு நான் எங்க போய்க் கேக்குறது?”

இந்தத் தடவை வீரணன் தரையைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாத இடத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்பதுபோல் மடித்த சட்டைக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மற்ற இருபத்தொரு ஊருக்கும் கரண்ட் விட்டாக வேண்டும். அதற்கு மேல் நிறுத்திவைக்க முடியாது. விட்டால் இந்த டிரான்ஸ்பார்மருக்கும் உயிர் வந்துவிடும், கட்டைகள் மட்டும்தான் பையில். விழுந்த கம்பியை இழுத்துக் கட்ட சின்னக்கருப்பு கம்பத்தில் ஏறவேண்டும். அவன் தரையில் நின்றே சங்கிலியைக் கம்பிகளுக்குக் குறுக்கே வீசிப் போட்டுவிட்டு, ஏறட்டுமா அண்ணே என்று கேட்டான்.

கோட்டைச்சாமிக்கு ஏறு என்று வாய் வரவில்லை. பையைத் தொட்டுப் பார்த்தார். சங்கிலியை இழுத்துப் பார்த்தார். திரும்பி அந்த ஒன்பது பேரையும் பார்த்தார்.

“வந்து உக்காருங்க,” என்றார். “பெட்டிக்கு எதிர்க்க, இந்த வரப்புல, வரிசையா. அம்பலகாரரே, நீங்களுந்தேன். குருநாதா, எந்திரிச்சு வா. எல்லாரும் ரெண்டு கையவும் முட்டி மேல வைங்க. எனக்குத் தெரியணும்.”

உட்கார்ந்தார்கள். ஊர் அம்பலம் ஈர வரப்பில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முட்டியில் கை வைத்து உட்கார்ந்ததை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. பெண்கள் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. கோட்டைச்சாமி வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து எண்ணினார். பதினெட்டு. மறுபடியும் எண்ணினார். பதினெட்டு. பிறகுதான் சின்னக்கருப்பைப் பார்த்துத் தலையசைத்தார்.

இரண்டு மணி நேரம் ஆனது. கொசு கடித்து ஒருவர் கையை எடுத்தார், வசவு வாங்கினார். குருநாதனின் கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. அதைத் தடவக்கூட அவன் கையை எடுக்கவில்லை. சின்னக்கருப்பு இறங்கி மண்ணில் கால் வைத்த பிறகு, கோட்டைச்சாமி இன்னொரு தடவை எண்ணிவிட்டு, எந்திரிங்க என்றார்.

ஜீப் கிளம்பும்போது குருநாதன் பக்கத்தில் வந்தான். தை அறுப்புக்கு நெல் கொண்டுவரலாமா என்று கேட்டான். கேட்க அவனுக்கு என்ன தைரியம் என்றுதான் கோட்டைச்சாமிக்கு முதலில் தோன்றியது.

“நெல்லக் கொண்டாராத. வாசல மிதிக்க விடமாட்டேன். லைன்மேன் கம்பத்துல ஏறுற அன்னைக்கு இங்க வந்து உக்காரு.”

உத்தரவை மீறி லைனை நிறுத்தியதற்கு அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். செத்த மாட்டைப் போய்ப் பாருங்கள் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். கோபம் ஆறியதா என்று கேட்டால், இல்லை. குருநாதனோடு அவர் மறுபடி பேசவில்லை, ஆவாரங்கண்மாய்க்கு மறுபடி போகவும் இல்லை. வேட்டி கட்டிவிட வரும் முத்தழகை மட்டும் இப்போதெல்லாம் தள்ளிவிடுவதில்லை. அந்த ஊரில் வேலை வந்தால் சின்னக்கருப்பு ஏறுவதற்கு முன் ரைஸ்மில்லுக்குப் போய் அவருக்குப் போன் பண்ணுவான். கட்டை பையில் இருக்கிறது, சங்கிலியைப் போட்டுவிட்டேன், ஒன்பது பேரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பான்.

“கைய எண்ணுனியா?” என்று கேட்பார் கோட்டைச்சாமி.